அறுபத்து நான்கு ஒன்றுகளால் ஆன எண்

18446744073709551615. இருபது இலக்கங்கள். நம் வழக்கப்படி படித்தால் 1,84,467 கோடி கோடியே 44,07,370 கோடியே 95,51,615. சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானியமணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் அறுபத்து நான்கு கட்டங்களிலும் சேரும் மொத்தம் இது. இந்தக் கதையைக் கேட்காதவர் குறைவு. ஆனால் கேட்டவர்களில் பெரும்பாலோர் எண்ணின் பருமனோடு நின்றுவிடுகிறார்கள். அரிசி எத்தனை வண்டி, அரசன் எப்படித் திகைத்தான் என்பதோடு பேச்சு முடிந்துபோகிறது. பருமனை மட்டும் பார்த்தால் இதில் வியக்க அதிகமில்லை. இதைவிடப் பெரிய எண் வேண்டுமானால் இன்னொரு பூஜ்யத்தைச் சேர்த்து எழுதினால் முடிந்தது. இதன் அருமை உள்ளமைப்பில் இருக்கிறது. இதைக் காரணிகளாக உடைத்துப் பார்ப்பவருக்கு 17-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஊகம் ஒன்றும், அது எந்த இடத்தில் உடைந்தது என்பதும், அந்த உடைவு வடிவியலில் எங்கே எதிரொலித்தது என்பதும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியவரும். கணித வரலாற்றில் இத்தனை சேதி சொல்லும் இருபது இலக்க எண் வேறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கணக்கிட்ட வழி

அறுபத்து மூன்று முறை இரட்டித்து, வந்த எண்களையெல்லாம் கூட்டித்தான் இந்த மொத்தத்தைக் காண வேண்டும் என்றில்லை. இரண்டு எளிய உண்மைகள் போதும். எந்தக் கட்டம்வரை கூட்டினாலும் அடுத்த கட்டத்தில் விழவேண்டிய தானியத்தைவிட ஒன்று குறைவாகத்தான் வரும். 1, 2, 4 மூன்றையும் கூட்டினால் 7. அடுத்த கட்டத்தில் விழுவது 8. ஆகவே அறுபத்து ஐந்தாவதாக ஒரு கட்டம் இருந்தால் அதில் விழக்கூடியதைக் கண்டுபிடித்து ஒன்றைக் கழித்துவிடலாம். அதாவது 2⁶⁴ − 1. அந்த 2⁶⁴-ஐ அடைய வர்க்கம் எடுத்துக்கொண்டே போனால் போதும்: 2, 4, 16, 256, 65536, 4294967296, 18446744073709551616. ஆறே பெருக்கல்கள். கடைசிப் பெருக்கலில்தான் பத்து இலக்க எண்ணைப் பத்து இலக்க எண்ணால் பெருக்க வேண்டியிருக்கும். பொறுமையுள்ளவர் அதையும் ஒரு தாளில் முடித்துவிடலாம்.

கி.பி. 1000-ஐ ஒட்டிப் பண்டைய இனங்களின் காலக்கணிப்பைப் பற்றி எழுதிய நூலில் அல்-பிரூனி இந்த மொத்தத்தைக் கடைசி இலக்கம்வரை சரியாகத் தருகிறார். அவர் கையாண்ட வழியும் இதுவே: ஒரு கட்டத்து எண்ணை வர்க்கப்படுத்தினால், முதல் கட்டத்திலிருந்து அதே தொலைவு மேலும் தள்ளியிருக்கும் கட்டத்து எண் கிடைக்கும், ஒரு கட்டத்து எண்ணில் ஒன்றைக் குறைத்தால் அதற்கு முந்தைய கட்டங்களின் கூட்டுத்தொகை கிடைக்கும்.

வர்க்கத்தால் அடுக்கேறும் இந்த முறை அல்-பிரூனிக்கு வெகுகாலம் முன்பே இந்தியாவில் இருந்தது. வடமொழி யாப்பிலக்கணமான சந்தசாஸ்திரத்தில் பிங்கலர் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறார்: இத்தனை அசை கொண்ட அடியில் குறிலும் நெடிலும் எத்தனை விதமாக அமையலாம்? ஒவ்வோர் அசைக்கும் இரண்டு வாய்ப்பு என்பதால் விடை இரண்டின் அடுக்காக இருக்கும். அதைக் காண அவர் தரும் விதி: அசை எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் பாதியாக்கு, ஒற்றைப்படையாக இருந்தால் ஒன்றைக் குறை, பூஜ்யம் வரும்வரை போ, பிறகு வந்த வழியே திரும்பி, குறைத்த இடத்தில் இரட்டித்துக்கொள், பாதியாக்கிய இடத்தில் வர்க்கம் எடு. 64-ஐ வைத்துச் செய்து பாருங்கள். ஆறு முறை பாதியாக்கினால் 1, அதில் ஒன்று குறைந்து 0. திரும்பி வரும்போது ஒரு முறை இரட்டிப்பு, ஆறு முறை வர்க்கம். மேலே எழுதிய வரிசை அப்படியே வந்து நிற்கும். இன்று கணினி நிரல்கள் பெரிய அடுக்குகளைக் கணக்கிடுவதும் இவ்வழியில்தான்.

கதையின் அரிசிக் கணக்கை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். அம்பலப்புழைக் கிருஷ்ணன் கோயிலின் தலபுராணத்தில் முனிவராக வந்த கிருஷ்ணன் அரசனைச் சதுரங்கத்தில் வென்று இந்த அரிசியைக் கேட்கிறான். தீராத கடனுக்கு ஈடாகத்தான் அங்கே பால்பாயசம் வழங்கப்படுகிறது என்பது நம்பிக்கை. ஒரு அரிசிமணி சுமார் 20 மில்லிகிராம் என்று கொண்டால் மொத்தக் கடன் ஏறத்தாழ 36,900 கோடி டன். உலகம் முழுவதும் ஆண்டுக்கு விளையும் அரிசி 50 கோடி டன்னைச் சற்றே தாண்டுகிறது. இன்றைய விளைச்சல் முழுவதையும் கொட்டினாலும் கடன் அடைய ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் ஆகும்.

உடைத்துப் பார்த்தல்

பள்ளியில் கற்ற சோதனைகளே முதல் இரண்டு காரணிகளைக் காட்டிவிடும். கடைசி இலக்கம் 5. ஆகவே 5-ஆல் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 87 வருகிறது. ஆகவே 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. இதற்கு மேல் போக எண்ணை இரும முறையில் எழுதிப் பார்ப்பது நல்லது. இரும முறையில் ஒவ்வோர் இடத்துக்கும் உள்ள மதிப்பு சதுரங்கக் கட்டங்களின் மதிப்பேதான்: 1, 2, 4, 8 என்று போகும். எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருப்பதால் இந்த எண் அறுபத்து நான்கு ஒன்றுகளின் வரிசையாக நிற்கிறது. வேறு எந்த இலக்கமும் இல்லை.

தசம முறையில் 9999 என்பது 99-ஐ 101-ஆல் பெருக்கியது. 99999999 என்பது 9999-ஐ 10001-ஆல் பெருக்கியது. ஒரே மாதிரியான இரு பாதிகள் அடுத்தடுத்து நிற்கும் எண் எதுவும் இப்படி உடையும். அறுபத்து நான்கு ஒன்றுகளையும் இரு பாதியாகப் பிரித்தால், முப்பத்திரண்டு ஒன்றுகளை 2³² + 1-ஆல் பெருக்கியது என்று வரும். அந்த முப்பத்திரண்டு ஒன்றுகள் பதினாறு ஒன்றுகளை 2¹⁶ + 1-ஆல் பெருக்கியவை. அந்தப் பதினாறும் அப்படியே. கடைசியில் ஒற்றை ஒன்று மிஞ்சும்போது நம் கையில் இருப்பவை:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவது? கணிதம் தொண்ணூற்று இரண்டு ஆண்டுகள் தவறாக நம்பியிருந்தது இந்த ஆறாவதைப் பற்றித்தான்.

641

2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துப் போகும் எண்களை வைத்து, ஒன்றைக் கூட்டினால் கிடைப்பவற்றை இன்று ஃபெர்மா எண்கள் என்கிறோம். பியேர் தெ ஃபெர்மா துலூஸ் நகரில் நீதித்துறையில் பணியாற்றியவர். கணிதத்தைப் பெரும்பாலும் கடிதங்களில் செய்தவர். இந்த வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்று 1640-இல் அவர் எழுதினார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். ஐந்து எண்கள் வரிசையாகப் பகா எண்களாக அமைந்தபோது யாருக்கும் அந்த நம்பிக்கை வந்திருக்கும்.

1729 டிசம்பர் 1 அன்று கிறிஸ்டியன் கோல்ட்பாக், பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த இளம் ஆய்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஃபெர்மாவின் இந்தக் கூற்று தெரியுமா என்று அதன் பின்குறிப்பில் கேட்டார். ஆய்லர் முதலில் அக்கறை காட்டவில்லை. கோல்ட்பாக் விடவில்லை. ஆய்லரின் எண்கணித ஆர்வமே இந்தத் தூண்டுதலிலிருந்துதான் வளர்ந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. 1732-இல் ஆய்லர் விடை சொன்னார்: 4294967297 = 641 × 6700417. ஃபெர்மாவின் ஊகம் அங்கே முறிந்தது.

641-ஐ எப்படிப் பிடித்தார்? கண்மூடித்தனமாக 3, 7, 11, 13 என்று வகுத்துப் போயிருந்தால் நூற்றுக்கு மேற்பட்ட பகா எண்களைத் தாண்டித்தான் அதை எட்ட முடியும். வழியைப் பின்னாளில் எழுதிய கட்டுரையில் அவரே தெளிவாக்கினார். ஒரு பகா எண் 2³² + 1-ஐ மீதியின்றி வகுக்கிறது என்று கொள்வோம். அந்தப் பகா எண்ணால் 2-இன் அடுக்குகளை வகுத்துக் கிடைக்கும் மீதிகளை வரிசையாக எழுதினால், முப்பத்திரண்டாவது இடத்தில் ஒன்றைக் கூட்டினால் முழுதாக வகுபடும் மீதி வரும்; அறுபத்து நான்காவது இடத்தில்தான் முதன்முறையாக 1 வரும். ஆக, மீதிகளின் சுழற்சி நீளம் சரியாக 64. ஃபெர்மாவே கண்டுபிடித்த சிறு தேற்றத்தின்படி இந்தச் சுழற்சி நீளம், அந்தப் பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்த தொகையை மீதியின்றி வகுத்தாக வேண்டும். எனவே தேட வேண்டியவை 64-இன் மடங்கோடு ஒன்று சேர்ந்த பகா எண்கள் மட்டுமே. அவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் விடை.

இங்கே ஒன்றை வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டும். சிறு தேற்றத்தை ஃபெர்மா கடிதத்தில் அறிவித்ததும் அதே 1640-இல்தான். தன் ஊகத்தைச் சோதிக்கும் கருவியைத் தானே செய்து வைத்திருந்தார். விடை ஐந்து வகுத்தல் தொலைவில் இருந்தது.

சரிபார்ப்பு இன்னும் எளிது. 2⁸ என்பது 256. அதன் வர்க்கம் 65536. 641-ஐ 102 முறை கழித்தால் மீதி 154. 154-இன் வர்க்கம் 23716. 641-ஐ 36 முறை கழித்தால் மீதி 640. ஆகவே 2³²-ஐ 641-ஆல் வகுத்தால் 640 மீதி வருகிறது; ஒன்றைக் கூட்டினால் முழுதாக வகுபடுகிறது. இவ்வளவுதான். பத்து இலக்க எண்ணை எழுதவே தேவையில்லை.

641-இல் மறைந்திருக்கும் ஓர் அழகையும் காட்ட வேண்டும். அது 5 × 128 + 1. அதே வேளையில் 625 + 16, அதாவது ஐந்தின் நான்காம் அடுக்கும் இரண்டின் நான்காம் அடுக்கும் சேர்ந்தது. 641-ஆல் வகுக்கும் கணக்கில் முதல் சமன்பாடு 5 × 2⁷-ஐ −1 ஆக்குகிறது. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1. இரண்டாவது சமன்பாடு 5⁴-ஐ −2⁴ ஆக்குகிறது. இரண்டையும் சேர்த்தால் −2³² என்பது 1. அதாவது 2³² + 1 என்பது 0. எந்த வகுத்தலும் செய்யாமல் கிடைத்த நிரூபணம். 641-க்கு இரண்டு விதமாகப் பிரியும் இயல்பு இருப்பதால்தான் இது நடக்கிறது.

ஆக நம் எண்ணின் முழு உருவம் இது:

3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு பகா எண்கள். ஒன்றுகூட இரண்டு முறை வரவில்லை. ஒவ்வொன்றையும் எடுத்துக்கொள்ளலாம் அல்லது விடலாம் என்பதால் இதற்கு 2⁷, அதாவது 128 வகுத்திகள் உண்டு.

கோல்ட்பாக்குக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. 2⁶⁴ − 1 என்பது முதல் ஆறு ஃபெர்மா எண்களின் பெருக்கல் என்று கண்டோம். ஏழாவது ஃபெர்மா எண் 2⁶⁴ + 1. இரண்டுக்கும் வித்தியாசம் 2. இரண்டும் ஒற்றைப்படை எண்கள். எனவே இவற்றுக்குப் பொதுக் காரணி இருக்கவே முடியாது. வரிசையில் எங்கே நின்று பார்த்தாலும் இதே நிலைதான். ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் முன்னவற்றில் இல்லாத பகா எண் ஒன்றையாவது கொண்டுவரும் என்பதால் பகா எண்களுக்கு முடிவில்லை என்றாகிறது. 1730-இல் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் கோல்ட்பாக் இந்த நிரூபணத்தைத் தந்தார். ஃபெர்மாவின் ஊகம் பொய்த்த பிறகும் இது அசையாமல் நிற்கிறது. எண்கள் பகா எண்களாக இருக்க வேண்டும் என்ற தேவையே இதில் இல்லை.

அளவுகோலும் கவராயமும்

1796 மார்ச்சில், பத்தொன்பது வயது நிறையாத கவுஸ், பதினேழு சமபக்கங்கள் கொண்ட பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று கண்டார். யூக்ளிட் காலத்திலிருந்து முக்கோணமும் ஐங்கோணமும் பதினைங்கோணமும் வரையத் தெரிந்திருந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒற்றைப்படையில் புதிதாக எதுவும் சேரவில்லை. 1801-இல் வெளிவந்த நூலில் கவுஸ் பொது விதியைத் தந்தார். பக்கங்களின் எண்ணிக்கை இரண்டின் அடுக்காகவோ, வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாகவோ, அதை இரண்டின் அடுக்கால் பெருக்கியதாகவோ இருந்தால் வரையலாம். மற்றவற்றை வரையவே முடியாது என்பதை 1837-இல் வான்ட்செல் நிறுவினார்.

ஃபெர்மா பகா எண்களாக நமக்குத் தெரிந்தவை 3, 5, 17, 257, 65537 ஐந்து மட்டுமே. அவற்றின் பெருக்கல் 4294967295, முப்பத்திரண்டு ஒன்றுகள். வரையத்தக்கது என்று தெரிந்துள்ள ஒற்றைப்படைப் பலகோணங்களில் மிகப் பெரியது இத்தனை பக்கங்கள் உடையது. அறுபத்து நான்கு ஒன்றுகளின் முதற்பாதி முழுக்க இப்படி வடிவியலுக்குள் அடங்குகிறது. மறுபாதியான 2³² + 1-இன் இரு காரணிகளில் ஒன்றுகூட அடங்கவில்லை. 641 பக்கப் பலகோணத்தை வரைய முடியாததற்குக் காரணம் 640-இல் இருக்கிறது: அது இரண்டின் அடுக்காக இருந்திருக்க வேண்டும், ஆனால் 5 × 128 ஆக இருக்கிறது. ஃபெர்மாவின் ஊகத்தை முறித்த நிரூபணத்துக்கு உதவிய அதே 5 இங்கே தடையாக வந்து நிற்கிறது. 65537 பக்கப் பலகோணத்தின் வரைமுறையை யோகான் ஹெர்மெஸ் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்து உருவாக்கி 1894-இல் அறிவித்தார். அந்தக் கையெழுத்துப் படி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

4294967295-இன் வகுத்திகளை வரிசையாகப் பார்க்க இன்னொரு வழி உண்டு. எனக்கு இந்த எண்ணில் மிகப் பிடித்த பகுதி இது. பாஸ்கல் முக்கோணம் என்று பாடநூல்கள் சொல்வதை, பத்தாம் நூற்றாண்டில் பிங்கலருக்கு உரை எழுதிய ஹலாயுதர் மேருபிரஸ்தாரம் என்ற பெயரில் விளக்கியிருக்கிறார். உச்சியில் 1, கீழே ஒவ்வொரு கட்டத்திலும் மேலுள்ள இரண்டின் கூட்டுத்தொகை. அதில் ஒற்றைப்படை எண் இருக்கும் இடத்தில் 1, இரட்டைப்படை இருக்கும் இடத்தில் 0 என்று மாற்றி எழுதுங்கள். வரிகள் 1, 11, 101, 1111, 10001, 110011, 1010101, 11111111 என வரும். இவற்றை இரும எண்களாகப் படித்தால் 1, 3, 5, 15, 17, 51, 85, 255. முதல் முப்பத்திரண்டு வரிகள் 4294967295-இன் முப்பத்திரண்டு வகுத்திகளையும் ஏறுவரிசையில், ஒன்றும் விடாமல் தருகின்றன. முதல் வரியை விட்டுவிட்டால் மற்ற முப்பத்தொன்றும் வரையத்தக்க ஒற்றைப்படைப் பலகோணங்களின் பக்க எண்ணிக்கைகள். முப்பத்து மூன்றாவது வரியில் 2³² + 1 வந்து நிற்கிறது. மேருவின் அடுக்கு அதன்பின்னும் பிசகாமல் தொடர்கிறது. பலகோணங்கள் அங்கே நின்றுவிடுகின்றன. அறுபத்து நான்காவது வரியில் அத்தனை எண்களும் ஒற்றைப்படை. அறுபத்து நான்கு ஒன்றுகள். நம் எண்.

காசிக் கோபுரம்

1883-இல் பாரிசில் ஒரு விளையாட்டுப் பொருள் விற்பனைக்கு வந்தது. மூன்று முளைகள், ஒன்றின்மேல் ஒன்றாகச் சிறுத்துப்போகும் வட்டுகள். ஒரு நேரத்தில் ஒரு வட்டு, சிறியதன்மேல் பெரியதை வைக்கக் கூடாது. சியாம் நாட்டைச் சேர்ந்த கிளாஸ் என்பவர் கொண்டுவந்தது என்று பெட்டியில் இருந்தது. உண்மையில் அது எதுவார் லூக்கா என்ற கணித ஆசிரியர் தன் பெயரின் எழுத்துகளையே மாற்றி அடுக்கி உருவாக்கிய புனைபெயர். அடுத்த ஆண்டு ஆன்றி தெ பார்வில் என்ற எழுத்தாளர் அதற்கொரு கதை சேர்த்தார்: காசிக் கோயிலில் வைர ஊசிகளில் கோக்கப்பட்ட அறுபத்து நான்கு பொன் வட்டுகள் உள்ளன, அவற்றை அர்ச்சகர்கள் இரவும் பகலும் இடம் மாற்றுகிறார்கள், வேலை முடியும்போது உலகம் முடியும் என்று. காசியில் அப்படியொரு கோயிலும் இல்லை, புராணங்களில் அப்படியொரு செய்தியும் இல்லை. பிரெஞ்சுப் பத்திரிகையில் பிறந்த கதையை இந்தியத் தொன்மமென்று நம் பாடநூல்களே திருப்பிச் சொல்வதை இனியாவது நிறுத்த வேண்டும்.

கணக்கு மட்டும் மெய். கடைசி வட்டை நகர்த்த, மேலேயுள்ள அத்தனையையும் ஒருமுறை விலக்கி, பிறகு ஒருமுறை திரும்ப அடுக்க வேண்டும். ஒவ்வொரு வட்டு கூடும்போதும் வேலை இரட்டித்து ஒன்று கூடுகிறது. அறுபத்து நான்கு வட்டுகளுக்கு 2⁶⁴ − 1 நகர்வுகள். நொடிக்கு ஒன்று என்றால் ஏறத்தாழ 58,450 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் இன்றைய வயதான 1,380 கோடி ஆண்டுகளைப்போல நாற்பத்திரண்டு மடங்கு. நம் புராணக் கணக்கில் பிரம்மனுக்கு ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள், இரவும் அவ்வளவே. அந்த அளவில் வேலை அவனுடைய அறுபத்தெட்டாவது நாளில் முடிந்துவிடும். நூறாண்டு ஆயுளில் மூன்று மாதம்கூட ஆகாது.

இதே லூக்கா ஃபெர்மா எண்களையும் ஆராய்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. ஆய்லர் சொன்ன 64-இன் மடங்கு என்ற கட்டுப்பாட்டை 1878-இல் அவர் 128-இன் மடங்கு என்று இறுக்கினார். அதன்படி தேடினால் 641-க்கு முன்னால் வரும் ஒரே பகா எண் 257. அது ஏற்கெனவே ஒரு ஃபெர்மா எண் என்பதால், கோல்ட்பாக்கின் வாதப்படி, விலகிவிடுகிறது. முதல் வகுத்தலிலேயே 641 அகப்படும்.

பக்கத்து எண்ணான 2⁶⁴ + 1 அவ்வளவு எளிதில் அகப்படவில்லை. அதன் சிறிய காரணி 274177. இது 256 × 1071 + 1. மற்றது பதினான்கு இலக்கம்: 67280421310721. 1880-இல் ஃபார்ச்சுனே லாண்ட்ரி எண்பதைக் கடந்த வயதில் இவற்றைக் கண்டறிந்து வெளியிட்டார். 1855-லேயே தாமஸ் கிளவுசன் கவுசுக்கு எழுதிய கடிதத்தில் இதே காரணிகளைக் கொடுத்திருந்தார் என்பது பின்னர்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 2⁶⁴-க்குக் கீழேயுள்ள மிகப் பெரிய பகா எண் அதிலிருந்து 59 குறைவானது: 18446744073709551557.

கணினிக்குள்

இன்று இந்த எண்ணை அதிகம் சந்திப்பவர்கள் நிரலாளர்கள். 64 பிட் கொண்ட இடத்தில் குறியில்லா முழு எண்ணாக எழுதத்தக்க மிகப் பெரியது இதுவே. இதோடு ஒன்றைக் கூட்டினால் எல்லா இடங்களும் சுழியாகிவிடும். கூட்டினால் சுழியாகும் எண்ணை −1 என்று கொள்வதே கணினியின் மரபு. எனவே அறுபத்து நான்கு ஒன்றுகளைக் குறியோடு படித்தால் −1, குறியில்லாமல் படித்தால் 18446744073709551615. மீதி இருப்பைக் காட்ட வேண்டிய திரையில் திடீரென்று இந்த இருபது இலக்கங்கள் தோன்றினால், எங்கோ சுழியிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டார்கள் என்று அனுபவமுள்ள நிரலாளர் ஊகித்துவிடுவார். எக்செல் தாளில் இதே எண்ணைத் தட்டினால் 18446744073709500000 என்று மாறிவிடும். முதல் பதினைந்து இலக்கங்களுக்கு மேல் அது வைத்துக்கொள்வதில்லை. நீண்ட கணக்கு எண்களை அதில் பதிவோர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ஆய்லரின் காரணிகளுக்கு வேலை வரும் இடம் வேறு. 2003-இல் ஜார்ஜ் மார்சாக்லியா எளிய தற்போக்கு எண் இயற்றிகளின் குடும்பம் ஒன்றை வெளியிட்டார். 64 பிட்களை 13, 7, 17 இடங்கள் நகர்த்தி நகர்த்தித் தன்னோடு கலப்பது அவற்றுள் ஒன்று. சுழியைத் தவிர மற்ற எல்லா நிலைகளையும், அதாவது 2⁶⁴ − 1 நிலைகளையும், ஒருமுறை தொட்ட பிறகே அது தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். இதை ஓட்டிப் பார்த்துச் சரிபார்க்க முடியாது; நொடிக்கு நூறு கோடி அடி வைத்தாலும் 584 ஆண்டுகள் ஆகும். ஆனால் சுழற்சி குறைவாக இருந்தால் அதன் நீளம் 2⁶⁴ − 1-ஐ ஏழு பகா காரணிகளில் ஏதாவது ஒன்றால் வகுத்த எண்ணுக்குள் மீதியின்றி அடங்கியே ஆக வேண்டும். எனவே முழுச் சுழற்சிக்குப் பின் தொடங்கிய நிலைக்குத் திரும்புகிறதா என்பதையும், அந்த ஏழு இடங்களில் திரும்பாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்தால் போதும். அவ்விடங்களுக்கு ஒரே தாவலில் போகப் பிங்கலரின் வர்க்க விதி இருக்கிறது. சில நொடிகளில் சோதனை முடிந்துவிடும். காரணிகள் தெரியாவிட்டால் இந்தச் சோதனையே இல்லை.

ஃபெர்மாவின் வரிசையில் ஆறாவது பகா எண் உண்டா என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. அடுக்கு 32-இல் தொடங்கி 4294967296 வரை இருபத்தெட்டு ஃபெர்மா எண்களும் பகு எண்கள் என்று நிறுவியாகிவிட்டது. ஆனால் இடைவெளியின்றி முழுமையாகக் காரணிப்படுத்தப்பட்டவை அடுக்கு 2048 வரைதான். அடுத்து நிற்பது இரண்டின் 8589934592-ஆம் அடுக்கோடு ஒன்று சேர்ந்தது. 258 கோடிக்கும் அதிகமான இலக்கங்கள் கொண்ட அந்த எண் பகா எண்ணா, பகு எண்ணா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.